தனிச் சோறு

குழம்பு பட்ட சோறு எனக்கு இறங்காது. சோறு தனியாக, குழம்பு தனிக் கிண்ணத்தில், அப்பளம் ஓரமாக. ஒன்றோடொன்று ஒட்டினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் இதற்குக் கொழுப்பு என்று பெயர். பசித்தால் தானாகத் தின்பாள், தனியாகப் போடக் கூடாது என்று அப்பா ஒருமுறை சொல்லிவிட்டார். நான் தின்னவில்லை. பள்ளிக்கூடத்துப் பிரேயரில் மயங்கி விழுந்தேன். அதன்பிறகு அம்மா எனக்குத் தனிக் கிண்ணம் வைத்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையம்பட்டியில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் வீட்டில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். முதல் விருந்தில் மாமியார் ஆசையாக என் சோற்றின்மேல் சாம்பாரை ஊற்றினார். பந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இலையை மூடிவிட்டு எழுந்தேன். அவர்கள் வீட்டுச் சோறு எனக்கு இளக்காரம் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டினார்கள்.

மகளும் என்னைப் போலவே வந்தாள். வெறும் இட்லி, வெறும் சோறு. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வாள். பேச்சும் தாமதம். மதுரைக்குக் கூட்டிப் போனோம். ஆட்டிசம் என்றார் டாக்டரம்மா. நாங்கள் கேள்விப்படாத சொல். மகளின் சாப்பாட்டைப் பற்றி அவர் கேட்கக் கேட்க, நான் அவளைப் பற்றிச் சொல்கிறேனா என்னைப் பற்றிச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. எனக்கும் இது இருக்குமா என்று கேட்டேன். இருக்கலாம், ஆனால் பெரியவர்களைச் சோதித்துச் சொல்ல இங்கே ஆளில்லை என்றார். திரும்பும்போது பஸ்ஸில், கொழுப்பு, இளக்காரம் என்று இத்தனை வருஷம் கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

மறுநாள் மாமியார் குழந்தையின் மூக்கைப் பிடித்து ரசம் சோற்றைத் திணித்துக்கொண்டிருந்தார். தட்டைப் பிடுங்கினேன்.

“அத்தை, அவளுக்கு இது வீம்பு இல்ல. எனக்கும் இல்ல. இனிமே இந்த வீட்டுல யாரு வாயிலயும் யாரும் திணிக்கக் கூடாது.”

“ஒலகத்துல இல்லாத பிள்ளையாப் பெத்துருக்க,” என்றார்.

“ஆமா. நானும் அப்படித்தான் பெறந்தேன்.”

கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, அவளுக்கும் எனக்கும் வெறும் சோறு போட்டு, எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டேன். பொங்கல்வரை மாமியார் என்னோடு பேசவில்லை. ஆனால் திணிப்பது நின்றது.

வளர்ந்த பிறகு மகள்தான் கேட்டாள், பெரியவர்களைச் சோதிக்க இப்போது ஆட்கள் இருக்கிறார்கள், நீயும் சோதித்துப் பார்க்கிறாயா என்று. போகலாம் என்றேன். “ஆனா அவுக என்ன சொன்னாலும் சரி, நான் சாப்பிட்ட விதத்துக்கு யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேன்.”