கேதீஸ்வரியின் பீங்கான் இறாக்கை

சோற்றில் மணல் கடிபட்டால் கேதீஸ்வரிக்குக் கெட்ட கோபம் வரும். வராதா பின்னே? நாவலடியிலிருந்த அவளுடைய சீதன வீட்டைச் சுனாமி அள்ளிக்கொண்டு போனபின், ஐந்து வருசம் தகரக் கொட்டிலில் கிடந்தவள். கழுவிய பீங்கானை அங்கே மணலில்தான் கவிழ்க்க வேண்டும்.

யுத்தம் முடிந்த வருசம் நாவற்குடாப் பக்கம் வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்தது. குசினியில் பீங்கான் கழுவத் தொட்டி இருந்தது. கழுவியதை வைக்க ஒரு பலகைத் துண்டில்லை. கட்டியவர்கள் ஒருநாளாவது பீங்கான் கழுவியிருந்தால்தானே! செங்கலடிச் சந்தையில் அவளே மூங்கில் வாங்கினாள். சீவி, கண்ணாடித் துண்டால் வழித்து, புருசன் தோணிக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயின்றை அடித்து, தொட்டிக்கு மேலே நாலு ஆணியில் இறாக்கையை ஏற்றினாள். பீங்கான்கள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. ஈரமெல்லாம் தொட்டிக்குள்ளேயே சொட்டியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்க வந்து, "கடையில வாங்கினதா புள்ள?" என்று கேட்டார்கள்.

வீட்டுத்திட்ட அதிகாரியும் வந்தார். அவர் இறாக்கையைப் பார்க்கவில்லை, ஆணியைத்தான் பார்த்தார்.

"கேக்காமச் சுவரில ஆணி அடிக்க ஏலாது. வீட்டுக்காரரக் கூப்பிடுங்க."

"நான்தான் வீட்டுக்காரி."

அவர் தாளைப் புரட்டினார். "சீனித்தம்பி எண்டெல்லோ இருக்கு. குடும்பத் தலைவர்."

கேதீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய சனத்தில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போவது. புருசன் வந்து இருப்பவன். உழைப்பான், கூரை வேய்வான், ஆனால் வீடு அவனுடையதல்ல. சுனாமிக்குப் பிறகு வீடிழந்தவர்களைப் பதிந்த அன்று அவள் தாயின் உடலைத் தேடி அலைந்தாள். சீனித்தம்பி வரிசையில் நின்றார். எழுதியவன் நின்றவரின் பெயரை எழுதிவிட்டான்.

"அவர் ஒரு கடிதம் தந்தாப் பிரச்சினையில்ல" என்றுவிட்டு அதிகாரி போனார்.

சீனித்தம்பி பின்னேரமே எழுதினார். நல்ல மனுசன்தான், வம்பு வேண்டாமென்று பார்த்தார். அவள் பிடுங்கி வாசித்தாள். 'எனது வீட்டின் குசினியில் எனது மனைவி இறாக்கை வைத்திருக்க நான் அனுமதி அளிக்கிறேன்.'

"ஆருட வீடு?"

"பேப்பரில அப்படித்தானே புள்ள கிடக்கு."

"எனக்கு அனுமதி தர நீங்க ஆரு?"

"நாலு ஆணிக்கு இந்தக் கத்தா? விடு."

பழைய வீட்டில் இப்படி ஒரு சொல் சொல்லியிருந்தால், "இறங்குங்க என்ட வீட்ட விட்டு" என்பாள். அவரும் மறுபேச்சில்லாமல் சாரனைச் சுருட்டிக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போய், மூன்றாம் நாள் ஒரு கோர்வை மீனோடு வந்து வாசலில் நிற்பார். இப்போதும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இறங்குங்க" வரைக்கும் வந்தது. மிச்சம் வரவில்லை.

பழக்கதோசத்தில் எழும்பிய சீனித்தம்பி, அவள் பாதியில் நின்றதைக் கண்டார். அவள் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். பிறகு திரும்பவும் உட்கார்ந்தார்.

"சோத்தப் போடு" என்றார்.