கர்சர் அசையாத இடம்

கல்வராயன் மலையில் எங்கள் ஊருக்கு சிக்னல் கிடையாது. வேலைத் தேர்வுக்கான புரோகிராமைப் போனிலேயே எழுதி வைத்துக்கொண்டு, கடைசி நாளன்று பஸ் பிடித்து சின்னசேலம் பிரவுசிங் சென்டருக்கு வந்து, கம்ப்யூட்டரில் பேஸ்ட் செய்தேன். புரோகிராமைச் சரிபார்க்கும் கம்பைலர் ஒரு வரியைக் காட்டி, பிழை என்றது. எழுத்தெழுத்தாகப் படித்தேன், ஒரு தப்பும் இல்லை.

“இன்னாம்மா, எல்லாம் சரியாத்தானே கீது?” என்றார் எட்டிப் பார்த்த கடைக்கார பாய்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. கீபோர்டில் அம்புக்குறியை அழுத்தி அந்த வரியில் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தேன். ஓரிடத்தில் மட்டும் கர்சர் அசையவில்லை. மறுபடி அழுத்தியதும்தான் தாண்டியது. கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று போனிலிருந்து கூடவே வந்திருக்கிறது! அழித்தேன். புரோகிராம் ஓடியது. அனுப்பப் போனால், தேர்வுப் பக்கத்தை மூடிவிட்டார்கள்.

மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அம்மா கேட்டால் என்ன சொல்வேன்? காட்டுவதற்கு என்னிடம் ஒரு தப்புகூட இல்லையே.