நுரைத்த கல்

சேலத்தில் நிலவியல் எம்.எஸ்ஸி. படித்தபோது எங்கள் துறையின் கண்ணாடி அலமாரியில், கீழ்த்தட்டின் மூலையில், விதரைட் என்ற கல் ஒன்று இருந்தது. பேரியம் கார்பனேட். வெளிறிய சாம்பல் நிறம், உடைந்த இடத்தில் மட்டும் லேசான கண்ணாடிப் பளபளப்பு. பார்க்க ஒன்றுமில்லை. கையில் எடுத்தால்தான் தெரியும், அந்த அளவுக் கல்லுக்கு இருக்கக்கூடாத கனம். அதைத் தொட்டவர்கள் கைகழுவிவிட்டுத்தான் சாப்பிடப் போகவேண்டும் என்பது துறையில் விதி. வயிற்றிலுள்ள அமிலத்தில் அது கரையும். கரைந்த பேரியம் இதயத்தைப் பிடிக்கும். அது அதிகம் கிடைத்த இங்கிலாந்துப் பகுதியில் அந்தக் காலத்தில் எலிக்கு வைத்திருக்கிறார்கள்.

அது ஏன் அரிது என்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது. பூமிக்கடியில் சல்பேட் கலந்த தண்ணீர் பட்டால் போதும், விதரைட் மெல்ல பாரைட்டாக மாறிவிடும். பாரைட் கரையாது, விஷமும் இல்லை. வயிற்றை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பு குடிக்கக் கொடுக்கிறார்களே வெள்ளைக் கரைசல், அதுகூட அந்தப் பொருள்தான். உலகத்தில் பாரைட் மலைமலையாக இருக்கிறது. விதரைட், அந்தத் தண்ணீர் எட்டாத சில இடுக்குகளில் மட்டும் தப்பிக் கிடக்கிறது.

கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்த பிறகு இதையெல்லாம் பேச ஆள் இல்லை. கணவருக்குக் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலையும் மகளையும் தவிரப் பகல் முழுக்க எனக்குத் துணை கிடையாது. மாடியில் நாங்கள். கீழே, எண்ணூர் ஆற்றில் நண்டு பிடிப்பவரின் குடும்பம். அந்த வீட்டு அக்கா என்னைப் 'பாப்பாம்மா' என்று கூப்பிடுவார். நான் சிரித்துவிட்டு மேலே வந்துவிடுவேன். அவர் பேச்சுக்கு என்ன பதில் சொல்வதென்று படியேறும்போது யோசிப்பேன். யோசித்து முடிப்பதற்குள் கதவைச் சாத்தியிருப்பேன்.

மகளுக்கு ஒன்றரை வயது. ஒரு மத்தியானம் துணி எடுத்து வருவதற்குள் அவள் படியிறங்கி, மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து ஒரு கல்லைச் சப்பிக்கொண்டிருந்தாள். உதட்டில் வெள்ளையாக மாவு போல ஒட்டியிருந்தது. கல்லைப் பிடுங்கினேன். கை சட்டென்று தாழ்ந்தது. அந்தக் கனம் எனக்குத் தெரியும்.

கடப்பா பக்கத்திலிருந்து துறைமுகத்துக்குப் பாரைட் ஏற்றி வரும் லாரிகள் பள்ளத்தில் குலுங்கும்போது ஓரிரண்டு கட்டிகள் ரோட்டில் விழுவதுண்டு. இது பாரைட்டாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் விதரைட்டும் பாரைட்டும் எடையில் ஏறக்குறைய ஒன்றுதான், இருப்பதும் சில சமயம் சேர்ந்துதான். அரிது என்றால் இல்லவே இல்லை என்றாகிவிடுமா?

வித்தியாசம் பார்க்க ஒரு வழி உண்டு. அமிலம் பட்டால் கார்பனேட் நுரைக்கும், பாரைட் சும்மா கிடக்கும். மகளின் வாயைக் கழுவிவிட்டு, அவளை அறைக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். அவள் கதவைத் தட்டி அழ, குளியலறை கழுவும் ஆசிட்டில் ஒரு சொட்டைக் கல்லின் மேல் விட்டேன்.

சீறிக்கொண்டு நுரைத்தது.

கணவரைப் போனில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, லாக்கருக்குள். பேதி உப்பு ஒரு சல்பேட், அதைக் கொடுத்தால் வயிற்றுக்குள்ளேயே பேரியம் பாரைட்டாகிவிடும் என்று படித்தது நினைவு வந்தது. டப்பாவைக்கூட எடுத்துவிட்டேன். எவ்வளவு கொடுப்பது? நான் நினைப்பது தப்பாக இருந்தால்? டப்பாவை வைத்துவிட்டு, கல்லைப் பையில் போட்டுக்கொண்டு, மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கீழ்வீட்டு அக்கா வாசலில் வழிமறித்தார். "இன்னா பாப்பாம்மா, இன்னாச்சு?"

"கல்லை வாயில வச்சுட்டாக்கா. விஷக் கல்லு."

"கல்லுல இன்னாமா விஷம்? என் புள்ளைங்கோ மண்ணு, நண்டு ஓடு, செருப்பு அல்லாத்தையும் துன்னுதான் வளந்துச்சுங்கோ." சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். "இரு, நானும் வர்றேன். நீ அயுவுறதப் பாத்தா ஆட்டோக்காரன் பயந்துகினு ஓடிடுவான்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயதுக்காரர். நான் பேரியம் என்றதும் நிமிர்ந்தார்.

"ரத்தத்துல பொட்டாசியம் பாருங்க சார், குறையும். ஈ.சி.ஜி.யும் எடுத்துடுங்க."

"நீங்க நர்ஸாம்மா?"

"இல்ல சார். ஜியாலஜி."

"ஓ" என்றார். ஆனாலும் போனில் எதையோ தேடிப் படித்தார், நான் கேட்ட இரண்டையும் எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் வரை குழந்தை அங்கேயே இருக்கட்டும் என்றார்.

மகள் மாத்திரை அட்டையை வைத்து விளையாடினாள். அவள் கால் உதைப்பது குறைகிறதா, கொட்டாவி தூக்கத்தினாலா வேறெதனாலா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விதரைட் என்ற சொல் அந்த வார்டில் யாருக்கும் தெரியாது. சரியாகத்தான் சொல்கிறேனா என்று சரிபார்க்கவும் ஆளில்லை. அக்கா டீ வாங்கி வந்து கையில் திணித்தார். பிறகு பையைத் திறந்து எட்டிப் பார்த்தவர் கத்தியே விட்டார்.

"அட, நம்ம வலைக்கல்லு! இதுக்கா இம்மாம் ஆர்ப்பாட்டம்? ரோட்ல லாரிலேர்ந்து வுயுந்துச்சுமா. சின்னக் கல்லு, ஆனா செம கனம். ஊட்டுக்காரரு நண்டு வலைக்குக் கட்டிகினு இருந்தாரு. ஆத்துக்குள்ள எம்மா நாளு கெடந்துது தெரியுமா, போன வாரந்தான் வலை கியிஞ்சு போச்சுன்னு அவுத்துப் போட்டாரு."

ஆற்றுக்குள். கல்லை வெளிச்சத்தில் திருப்பினேன். வெள்ளை வெள்ளையாகச் சின்ன வட்டங்கள். பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டி வளருமே, அந்தச் சிப்பிப் பூச்சிகளின் ஓடு. ஓடு முழுக்கக் கால்சியம் கார்பனேட். நான் ஆசிட் விட்டது கல்லின் மேல் அல்ல, அதன் மேலிருந்த ஓட்டின் மேல். முதல் வருட மாணவிக்குச் சொல்லித் தருவது, புதிதாக உடைத்த முகத்தில்தான் சோதிக்கவேண்டும் என்று. உதட்டிலிருந்த வெள்ளை மாவும் அதுவாகத்தான் இருக்கும். இருக்கும் என்றுதான் நினைத்தேன். உறுதியாக நம்ப மனம் வரவில்லை.

ரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் சரியாக இருந்தன. இருட்டுவதற்கு முன் அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகளை அக்காவிடம் விட்டேன். அதுவரை யாரிடமும் அவளை விட்டதில்லை. மாடிக்குப் போய்க் கல்லைச் சுத்தியலால் உடைத்தேன். உள்ளே சீரான சாம்பல் நிறம். ஒரு சொட்டு விட்டேன். ஒன்றுமில்லை, தண்ணீர் போல நின்றது. வேறு இடத்தில் விட்டேன். குனிந்து காதை வைத்துக்கூடக் கேட்டேன். பாரைட்.

அவர் வேலை முடிந்து லாக்கரைத் திறந்ததும் கூப்பிட்டார். "இத்தனை மிஸ்டு கால்! என்ன ஆச்சு?" பாப்பா கல்லை வாயில் வைத்துக்கொண்டாள், இப்போது நன்றாக இருக்கிறாள் என்றேன். "அவ்வளவுதானா? சரி, வந்துடறேன்." விதரைட் என்ற சொல் தொண்டைவரை வந்தது. சொன்னால் அது என்ன என்று விளக்கவேண்டும். விட்டுவிட்டேன்.

கீழே போனேன். அக்காவின் மடியில் மகள் தூங்கியிருந்தாள்.

"கல்லு எங்க பாப்பாம்மா? புது வலைக்கு வோணும்னாரு."

இரண்டு துண்டையும் நீட்டினேன்.

"ஒடச்சிட்டியா? அடிப்பாவி!" என்றார். பெரியதைக் கையில் தூக்கி எடை பார்த்தார். "பரவால்ல, ரெண்டு வலைக்கு ஆவும்."

மகளை எழுப்பாமல் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். "இன்னும் செத்த நேரம் குந்திட்டுப் போயேன்" என்றார். உட்கார்ந்திருக்கலாம். நேரமாயிடுச்சுக்கா என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். மேலே போய் அவளைக் கட்டிலில் போட்டு, மார்பில் கைவைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கையை எடுக்கத்தான் தோன்றவில்லை.