எட்டுக் கறுப்புப் புள்ளிகள்

கடவுச்சொல்லை நான் மறக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். எட்டு எழுத்து, முதல் எழுத்தும் ஐந்தாம் எழுத்தும் ஆங்கிலப் பெரிய எழுத்து. அடித்தேன். கட்டத்தில் எட்டுக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக விழுந்தன. தவறு என்றது கணினி. இன்னொரு முறை நிதானமாக அடித்தேன். தவறு.

அது ஒரு வியாழக்கிழமை, காலை ஏழு மணி. எட்டு நாள் மதுரைக் கல்லூரியில் இருந்துவிட்டு முந்தின இரவுதான் வீடு திரும்பியிருந்தேன். எம்.சி.ஏ. கடைசிப் பருவம். மறுநாள் பத்து மணிக்குள் மதுரையில் கல்லூரித் துறை அலுவலகத்தில் என் புராஜெக்டை அச்செடுத்து பைண்ட் செய்து கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வாய்மொழித் தேர்வு கிடையாது, அந்த ஆண்டு பட்டம் கிடையாது. தேர்ச்சி பெற்றால் வேலை என்று சென்னையில் ஒரு நிறுவனம் கடிதம் கொடுத்திருந்தது. ஆறு மாத வேலை முழுவதும் அந்தக் கணினிப் பெட்டிக்குள் இருந்தது. நகல் எடுத்து வைத்திருந்தேன். அதே பெட்டிக்குள், டி டிரைவில்.

நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் பட்டியல் போட்டேன். பயம் வந்தால் பட்டியல் போடுவது என் பழக்கம்.

1. கேப்ஸ் லாக். பார்த்தாயிற்று.
2. பழைய கடவுச்சொற்கள். மூன்றும் அடித்தாயிற்று.
3. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. அதற்கும் நான்தான் இதே சொல்லைப் போட்டிருந்தேன்.
4. வெளியிலிருந்து உடைப்பது.

நான்காவதைச் செய்ய முடியாது. ராமநாதபுரத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அரை மணி நேரத்தில் பூட்டை உடைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் என் கோப்புறையை நான் என்கிரிப்ட் செய்து வைத்திருந்தேன். சரியான சொல்லோடு உள்ளே போனால்தான் அது படிக்கும். உடைத்துக்கொண்டு போனால் உள்ளிருப்பது எனக்கே குப்பை. மறந்துபோனால் உதவுவதற்கு ஒரு ஃப்ளாப்பி செய்து வைத்துக்கொள் என்று விண்டோஸ் ஒருமுறை கேட்டது. எனக்கா மறக்கும் என்று அந்தச் சன்னலை மூடியிருந்தேன்.

இவ்வளவு பெரிய பூட்டு யாருக்காக? மதினிக்காக.

கணினி, தங்கச்சி படிப்புக்கென்று அண்ணன் வாங்கிக் கொடுத்தது. கல்யாணமாகி நாற்பதாவது நாள் அவன் சவுதிக்குத் திரும்பிவிட்டான். அங்கிருந்து யாராவது ஊருக்கு வந்தால் படங்களை சிடியில் போட்டுக் கொடுத்து அனுப்புவான். மத்தியான வேளையில் மதினி அந்தப் படங்களைத் திறந்து பார்ப்பார். ஒருநாள் என் கோப்பு ஒன்று அழிந்திருந்தது. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை; பூட்டைப் போட்டேன். அதன்பின் நான் வீட்டில் இருக்கும்போது, நான் திறந்துகொடுத்தால்தான் அவருக்குத் தன் கணவன் முகம்.

பதினோரு மணிக்குப் பட்டியலில் ஐந்தாவது வரியை எழுதினேன். யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

"நா மதுரையில இருந்த எட்டு நாள்ல இதுல ஏதாவது செஞ்சீங்களா மதினி?"

அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "நீ பூட்டுனதுல இருந்து நா தூசிதான் தட்டுறேன். வேற என்ன செய்ய விட்ட?"

"நா அடிக்கிறப்ப பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்கல்ல?"

"நீ அடிக்கிற வேகத்துக்கு விரலே தெரியாது. இதுல எழுத்து எங்க தெரியும்?"

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "வீட்டுல இருந்தது நானும் அவளுந்தான். எனக்கு அத எங்கன அமுக்கணும்னே தெரியாது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அது போதுமாயிருந்தது.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. "என்ன சொல்லுக்கு மாத்துனீங்கன்னு மட்டும் சொல்லிருங்க மதினி, நா கோவிச்சுக்க மாட்டேன்" என்று அமைதியாகக் கேட்டேன். ஒரு மணிக்கும் கேட்டேன். இரண்டு மணிக்கும் கேட்டேன்.

மூன்று மணிக்கு மறுபடி கேட்டபோது மதினி எழுந்து சாமி மாடத்துக்குப் போனார். தாம்பாளத்தில் சூடத்தை வைத்து ஏற்றினார்.

"அத்த, நீங்களும் பாத்துக்கங்க. நா இவ பெட்டியத் தொடல." எரிகிற சூடத்தின் மேல் வலது கையை வைத்து அணைத்தார். சத்தியத்துக்குத் தட்டி அணைப்பதுதான் வழக்கம். அவர் வைத்த கையை எடுக்கவில்லை. அம்மா பிடித்து இழுத்த பிறகுதான் எடுத்தார்.

உள்ளங்கை சிவந்து பளபளத்தது. அம்மா தண்ணீர் ஊற்றினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றேகால். நாலரைப் பேருந்தில் ஏறினால்தான் ராமநாதபுரத்தில் அச்செடுத்துக்கொண்டு மதுரை போய்ச் சேர முடியும். ஒரு பெண் என் கண்முன்னால் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார். நான் மணி பார்த்தேன்.

"அந்த வார்த்தையச் சொல்லு" என்றார் மதினி. "நீ பாத்துக்கிட்டு இரு. நா அடிக்கிறேன். எனக்குத் தெரியுதா, தெரியலையான்னு பாரு."

எப்படியும் திறக்காத சொல்தானே என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். பெரிய எழுத்துக்கு ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றேன். வெந்த வலது கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, இடது கையால் தேடித் தேடி அடித்தார். இடது சுண்டுவிரலால் ஷிஃப்ட், ஆள்காட்டி விரலால் எழுத்து. எட்டுப் புள்ளிகள். எண்டர்.

திறந்துவிட்டது.

எனக்கு அந்த நொடியே புரிந்தது. நான் தட்டச்சு லோயரும் ஹையரும் முடித்தவள். இடது கை எழுத்துக்கு வலப்பக்க ஷிஃப்ட்டை அழுத்த வேண்டும் என்பது விரலில் ஊறிய பாடம். என் இரண்டு பெரிய எழுத்துகளும் இடது கை எழுத்துகள். வலப்பக்க ஷிஃப்ட் செத்திருந்தது. பெரிய எழுத்து விழ வேண்டிய இடத்தில் சிறிய எழுத்து விழுந்திருக்கிறது. புள்ளியாய்த் தெரியும்போது இரண்டும் ஒன்றுதான். நோட்பேடைத் திறந்து அழுத்திப் பார்த்தேன். சிறிய எழுத்துதான் வந்தது.

பின்னால் அம்மாவின் குரல். "இப்ப மட்டும் எப்படித் தொறந்துச்சு? தெரிஞ்சுதான வச்சிருந்திருக்கா! சூடத்தையும் அணைச்சுப்புட்டாளே!"

"ஷிஃப்ட் கீ போயிருச்சும்மா" என்றேன், திரும்பாமல். பென் டிரைவில் கோப்புகள் ஏறிக்கொண்டிருந்தன. அம்மாவுக்கு அது ஒன்றும் விளங்கியிருக்காது. விளக்க ஐந்து நிமிடம் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மதினி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

புராஜெக்டைக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வும் நன்றாகப் போனது. ஞாயிற்றுக்கிழமை திரும்பியபோது மதினி இல்லை. அவர் அய்யா வந்து பிறந்த வீட்டுக்கு, திருப்புல்லாணிக்கு, கூட்டிக்கொண்டு போயிருந்தார்.

கீபோர்டைத் திருகுகளைக் கழற்றிப் பிரித்தேன். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நாலு பனைமரம்தான். சன்னல் கம்பியே உதிர்கிற காற்று. உள்ளேயிருந்த கண்ணாடித் தாளில் வலப்பக்க ஷிஃப்ட்டுக்குப் போகும் மெல்லிய கோடு உப்பில் அரித்துப் பச்சை பூத்து அறுந்திருந்தது. கீபோர்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு திருப்புல்லாணிக்குப் பேருந்து ஏறினேன்.

"என்ன தாயி, ஆர்மோனியமா? ஒரு பாட்டுப் பாடேன்" என்றார் நடத்துநர். சிரித்தேன். கைப்பையில் மதினியிடம் சொல்ல வேண்டியவற்றின் பட்டியல் இருந்தது, நான்கு வரி.

மதினி வாசலில் நின்றே பார்த்தார். கையில் மஞ்சள் மருந்து. நான் கீபோர்டைப் பிரித்து, அறுந்த கோட்டை விரலால் காட்டி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"இதக் காட்டவா இம்புட்டுத் தூரம் வந்த?"

"ஆமா மதினி. நீங்க ஒண்ணும் செய்யலன்னு..."

"நா செய்யலன்னு நாந்தான் சொன்னேனே. நெருப்ப அமுக்கிச் சொன்னேன், நம்பல. இந்தா, இந்த இத்துப்போன கோடு சொன்னா நம்புற."

பட்டியலில் மன்னிப்பு மூன்றாவது வரியாக இருந்தது. நான் இன்னும் இரண்டாவதில் நின்றுகொண்டிருந்தேன்.

"அத்தைக்கு இதக் காட்டுனியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இத எடுத்துக்கிட்டு அங்கன போ. எனக்குத் தெரிஞ்சத எங்கிட்ட ஏன் கொண்டாந்த?"

அன்று சாயங்காலம் அம்மாவிடம் காட்டினேன். இந்த முறை அவளுக்கு விளங்கும்வரை சொன்னேன். அந்தப் பச்சைக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப அவ கை?" என்றாள்.

மறுநாள் காலை அம்மா திருப்புல்லாணிக்குக் கிளம்பினாள். நானும் வாரேன் என்றேன். "நீதான் போயிட்டு வந்தியே, என்ன ஆச்சு?" என்றாள்.

மதினி திரும்பி வர இருபது நாள் ஆனது. அதற்குள் நான் சென்னைக்கு வந்திருந்தேன். புதுக் கீபோர்டை மாட்டி, கடவுச்சொல்லை எடுத்துவிட்டு, அண்ணன் படங்களை முன்திரையிலேயே வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் அம்மாவிடம் கேட்பேன், மதினி கணினியில் படம் பார்க்கிறாரா என்று.

"தூசி தட்டுறா" என்பாள் அம்மா.