காதால் தேடுகிறவர்

"கெல்... கியெல்ட்... ஜெல்... கெல்ட்..."

சமையலறை மேசையில் மடிகணினியைத் திறந்து வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இரத்தினசிங்கம் அண்ணை முணுமுணுக்கிறார். புதிதாக வருகிறவர்கள், ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்துச் சப்பாத்தைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றுவார்கள். மந்திரமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. எப்போதோ கடல் கடந்துபோன ஒரு டெனிஷ்காரரின் பெயர் அமெரிக்காக்காரரின் காதில் எப்படி விழுந்திருக்கும், விழுந்ததை அவர்கள் எப்படி எழுதியிருப்பார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் ஒற்றை விரலால் தட்டித் தேடுகிறார்.

"இந்த மனிசனுக்கு அமெரிக்காவில ஒரு ஒண்டுவிட்ட மச்சான்கூட இல்லை. ஊரான்ர பூட்டனைத் தேட என்ர தோசை ஆறுது," என்கிறார் அடுப்படியில் நிற்கும் அவருடைய மனைவி யோகம்மா அக்கா.

டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் அண்ணைக்குப் பின்னேர வேலை. பகலெல்லாம் இந்த வேலை. பொழுதுபோக்கு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். எங்கிருந்தெல்லாமோ டெனிஷ்காரர்கள் அமெரிக்கா போன தங்கள் ஆட்களைத் தேடித்தரச் சொல்லி ஆளனுப்பிக் கேட்கிறார்கள். கிரின்ஸ்டெட்டில் இருக்கும் ஒரு கிழவருக்காக மழையில் கார் ஓட்டிக்கொண்டு போய்வந்தார். காசு வாங்குவதில்லை, கோப்பியும் கேக்கும் போதும். ஆனால் கேக் காய்ந்து கிடந்தால் அதை எங்கள் எல்லோரிடமும் சொல்லாமல் விடமாட்டார்.

இணையத்தில் எது எங்கே கிடக்கிறதென்று அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அமெரிக்காவின் பழைய குடிசனக் கணக்கெடுப்பை யாரும் இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் 1950-க்குப் பிந்தியது இன்னும் பூட்டிக் கிடக்கிறது. அதற்குப் பிறகு போனவர்கள் என்றால் ஊர்ப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களைத் துழாவவேண்டும். கல்லறைகளைப் படமெடுத்துப் போடுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது; கேட்டால், முன்பின் தெரியாத ஒருவர் ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்து அனுப்புவார். இதையெல்லாம் யாரும் படித்துக்கொள்ளலாம். அந்த முணுமுணுப்புத்தான் அவருடைய சொந்தச் சரக்கு.

அது அவருக்குத் தன் பெயரால் வந்தது. கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், சாரதிப் பத்திரத்தில் இன்னொன்று, பல் வைத்தியரிடம் இரண்டாக வெட்டிய மூன்றாவது. தொழிற்சாலை அலுமாரியில் வெறும் 'ரத்', Rat. அந்த மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் வாசித்தால் எலி, டெனிஷில் காரின் ஸ்டியரிங். "எலியைவிட ஸ்டியரிங் பரவாயில்லை," என்பார். யார் எப்படிக் கூப்பிட்டாலும் திருத்தமாட்டார், தலையாட்டிவிட்டுப் போவார். எனக்கு அதில் கோபம்தான். நாலு முறை சொல்லிக் கொடுத்தால் குறைந்தா போவார் என்று அவரிடமே கேட்டிருக்கிறேன்.

"தம்பி, என்ர பேரைத் தமிழில 'இ' போட்டுத்தான் எழுதுறது. அந்த 'இ'யை என்ர அம்மாவே ஒருநாளும் சொன்னதில்லை," என்றார். "டெனிஷ்காரரும் அப்பிடித்தான். எழுதுவினம், சொல்லாயினம். அப்ப கண்ணால தேடி என்ன பிரயோசனம்? காதாலதான் தேடவேணும்."

இப்போது அவர் தேடும் ஆள் பக்கத்து வீட்டு இங்கரின் தமையன், கெல் கேர். கெல் என்பதை டெனிஷில் எழுதும்போது நடுவில் ஒரு ஜே, முடிவில் ஒரு டி. கேர் என்பதிலும் ஒரு ஜே. மூன்றும் வாயில் வராத எழுத்துகள். 1964-இல் காணிச் சண்டையில் தகப்பன், "இனி என்ர பேரைச் சொல்லிக்கொண்டு திரியாதே," என்று துரத்திவிட்டாராம். கெல் அமெரிக்கா போனார். ஒரு செய்தியும் வரவில்லை. இங்கர் பல வருடம் தானே தேடிப் பார்த்தார். சரியான எழுத்தில் அப்படி ஒருவரும் அங்கே இல்லை. தகப்பனின் சொல்லைக் கேட்டு அண்ணன் பெயரை எறிந்துவிட்டான், கூடவே தன்னையும் எறிந்துவிட்டான் என்று அந்த மனிசி மனதில் முடிந்து வைத்திருந்தது. ஆள் இருக்கிறானா என்பதைவிட, பெயரை வைத்திருந்தானா என்பதுதான் அதற்குத் தெரியவேண்டும்.

போன சனிக்கிழமை நான் வடை தின்னப் போன நேரம், அண்ணை இங்கரைக் கூப்பிட்டு மேசையடியில் இருத்தியிருந்தார். மடிகணினி இங்கருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அண்ணை ஒரு பொத்தானை அமத்தினார். கணினியின் அமெரிக்கக் குரல் இரண்டே சொல் வாசித்தது: "கெல் கேர்."

இங்கரின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. அம்மா சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது என்றார்.

பிறகுதான் திரையைத் திருப்பினார். அயோவாவில் ஒரு கல்லறை. கல்லில் அந்த ஜேக்களும் இல்லை, டியும் இல்லை; பராமரிப்புக்கான ஆங்கிலச் சொல் மாதிரிக் 'கேர்' என்று வெட்டியிருந்தது. கீழே பிறந்த தேதி, இங்கருக்கு மனப்பாடமான தேதி. பக்கத்தில் மரண அறிவித்தல்: பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கடைசியில் 'டென்மார்க்கில் தங்கை இங்கர்'. இங்கர் வாய்விட்டு அழுதார். யோகம்மா அக்கா அடுப்பை நூர்த்துவிட்டு வந்து அவரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணை டெனிஷில் மெதுவாக அவருக்குச் சொன்னதை எனக்குத் தமிழிலும் சொன்னார்: "பேரை விடேல்லை. எழுத்தைத்தான் விட்டவர். எழுத்தைப் பிடிச்சுக்கொண்டிருந்தா அங்கத்தைச் சனம் வாசிச்சு வாசிச்சு வேற பேராக்கியிருக்கும்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்த ஊரில் அவரைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளப் பெருமைப்படுகிறவர்களில் நானும் ஒருவன். ஏன் ஒளிக்கவேணும், எங்கட ஆள்!

வாசலில் இங்கர் நின்றார். இத்தனை வருடமும் 'ரத்' என்றே கூப்பிட்ட மனிசி, உன்னுடைய முழுப்பெயரை உன் அம்மா எப்படிச் சொல்லுவா என்று கேட்டது. அண்ணை சொன்னார். இங்கர் கண்ணை மூடிக்கொண்டு, "ரட்னசிங்க," என்றார். வழக்கமான தலையாட்டல் வரும் என்று நான் காத்திருந்தேன். அண்ணை தலையாட்டவில்லை. தட்டுகிற அந்த ஒற்றை விரலை உயர்த்தி, இன்னொருமுறை என்று காட்டினார்.