தங்கச்சி பிசைந்த தெரு

அந்த ஈரச்சாக்கைக் கண்டதுமே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பின்பக்கக் கொட்டகையில், ஒரு பலகையின் மேல் எதையோ மூடிக் கிடந்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்றால் எதற்கு மூட வேண்டும்? இந்த வயதிலும், யாராவது சும்மா நல்லது செய்ய வந்தால் எனக்கு முதலில் புருவம்தான் உயர்கிறது.

யுத்தத்திற்கு முந்தின காலம். மதுரை டவுனுக்குள் எங்கள் அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், செருப்புக்கடை வைத்திருந்தார். என் தங்கச்சிக்கு எழுத்து ஏறவில்லை. காலையில் படித்த 'அ' மத்தியானம் மறந்துபோகும். ஒரே வகுப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து பெஞ்சே தேய்ந்தது. அவளைப் போன்ற நாலைந்து பெண்களைச் சேர்த்து, டிராயிங் டீச்சர் மத்தியான வேளைகளில் களிமண் கொடுத்து உட்கார வைத்தார். அவருக்கு யாரும் இடாத வேலை. அதுதான் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"சும்மா யாரு அம்புட்டுப் பாடுபடுவாக? கொலுவுக்குப் பொம்மை செய்யச் சொல்லி விக்கிறாளோ என்னமோ" என்றார் அம்மா. அத்தாவின் பயம் வேறு. எங்கள் மார்க்கத்தில் உருவம் செய்யக்கூடாது. பிள்ளையைச் சாமி சிலை பிடிக்க விட்டுவிட்டால்? "அப்படி ஏதாச்சும் இருந்துச்சு, அன்னைக்கே படிப்பை நிப்பாட்டிருவேன்" என்றார். உளவு பார்க்கும் வேலை எனக்கு. சாக்கைப் பற்றி அன்றே போட்டுக்கொடுத்தேன்.

மறுநாள் அத்தா கொட்டகைக்கே வந்துவிட்டார். "என்னத்த டீச்சரம்மா மூடி வச்சிருக்கீக?"

"காஞ்சா வெடிச்சிரும் பாய், அதான்" என்று டீச்சர் சாக்கை எடுத்தார்.

எங்கள் தெரு! களிமண்ணில் வீடுகள், பள்ளிவாசல் படி, எங்கள் கடை. ஆள் ஒருவர்கூட இல்லை. வாசலுக்கு வாசல் கழற்றிப் போட்ட செருப்புகள் மட்டும், விரல்நகம் அளவில்.

"இது நீங்க செஞ்சதுதானே?" என்று அத்தா முறைத்தார்.

"நான் ஒங்க தெருப்பக்கமே வந்ததில்ல பாய்."

அத்தா நம்பாமல் குனிந்து பார்த்தார். எல்லாம் அவர் கையால் விற்ற செருப்புகளாயிற்றே. "இது பாங்கு சொல்ற மோதினார் செருப்பு, வார்ல ஒட்டுப் போட்டது... இது எதுத்த வீட்டு மாமியோடது, குதிங்கால் ஒருபக்கமாத் தேஞ்சிருக்கு..." ஒன்றுகூடத் தப்பில்லை. ஆள் உருவம் செய்யக்கூடாது என்று வீட்டில் சொன்னதையும் தங்கச்சி மறக்கவில்லை. 'அ'வை மறந்தவள்தான்!

எங்கள் வாசலுக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. அவருடையது, அம்மாவுடையது, என்னுடையது.

"ஒன்னோடது எங்க, காணோம்?" என்று தங்கச்சி பக்கம் திரும்பினார்.

தங்கச்சி பலகையின் மறுகோடியைக் காட்டினாள். அங்கே இந்தக் கொட்டகை. அதன் வாசலில் குட்டியாக ஒரு ஜோடி.

"நா இங்கனதான இருக்கேன்" என்றாள்.

அத்தா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். குரலில் மட்டும் அந்தப் பழைய முறைப்பு.

"எம்புட்டு நாளானாலும் சரி, இங்கயே இருந்து செய்யட்டும் டீச்சரம்மா. எங்க வாசல்லயும் அவ செருப்பு ஒரு ஜோடி வைப்பாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."