கபீல் இறந்த வாரம்

பள்ளி மாணவர்களுக்காக சாமுராய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். ரியாத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் பத்தா பகுதியிலுள்ள என் அறையில் எழுத்து. தலைவனை இழந்த சாமுராய்கள் பற்றிய அத்தியாயத்தில் திணறிக்கொண்டிருந்தபோது எனக்குப் பழக்கமான அறந்தாங்கிக்காரர் ஒருவர் வந்தார்.

அவர் ஒரு சவுதி வீட்டில் டிரைவர். விசா கொடுத்து அழைத்துவந்த முதலாளியான கபீல், வயதானவர், அந்த வாரம்தான் இறந்திருந்தார். ஊரில் இவருக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. போய்த் திரும்ப விசா போட வேண்டியவர் கபீல். இனி டிரைவர் யார் பொறுப்பில் என்று அவருடைய மூன்று மகன்களும் இன்னும் முடிவு செய்யவில்லை.

"பெரியவன்ட்ட கேட்டா சின்னவனக் கேளுங்குறான். சின்னவன் புக்ரா, நாளைக்குங்குறான். தெனமும் நாளைக்குத்தாண்ணே."

கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்தார், ஏசி ரிமோட்டை அழுத்தினார், மறுபடி அழுத்தினார். மடிக்கணினித் திரையை எட்டிப் பார்த்து, "ஒங்க ஜப்பான்காரன் இதுக்கு என்ன பண்ணுவான்?" என்றார்.

சொன்னேன். வாரிசில்லாமல் பிரபு இறந்தால், நாட்டை ஆண்ட ஷோகனின் அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொள்ளும். சாவுப் படுக்கையில் அவசரமாகத் தத்தெடுப்பதற்குக்கூட நெடுங்காலம் தடை இருந்தது. அரிசியாகச் சம்பளம் வாங்கிய வீரர்கள் கோட்டையைக் காலிசெய்துகொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். சிலர் அதற்கும் முன்னால், பிரபு செத்ததுமே வயிற்றைக் கிழித்துக்கொண்டு கூடவே செத்தார்கள். அதையும் பிறகு அரசு தடை செய்தது.

"நல்லவேளை, நம்ம அரபிக்கு அந்தப் பழக்கம் இல்ல" என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வண்டியில் பெரும்பாலும் போனது கபீலின் மனைவி. பின் சீட்டுக் குரல் மட்டுமே இவருக்குத் தெரியும், முகம் பார்த்ததில்லை. இப்போது அந்தம்மா துக்கம் காக்கிறார். மாதக் கணக்கில் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். டிரைவருக்கு ஏற்றிப்போக ஆளில்லை, வாசலில் வண்டியைத் துடைப்பதோடு சரி. கேட்கக்கூடியவர் அந்தம்மா ஒருவர்தான், ஆனால் நேரில் போய்க் கேட்க முடியாது. வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லியனுப்பினார்.

அடுத்த வெள்ளி வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பதில் வந்திருந்தது. பெரிய மகன் ஃபைனல் எக்ஸிட் போடுவான். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகலாம், இந்த விசாவில் திரும்பி வர முடியாது. துக்கம் முடிந்ததும் புது விசா அனுப்பச் சொல்கிறேன், எனக்கு வேறு டிரைவர் வேண்டாம், என்று அந்தம்மா சொல்லியிருந்தார்.

"அந்தக் குரல நம்பலாமாண்ணே?"

ஒரு செய்தியை நம்பலாமா என்று இரண்டாவது ஆளிடம் கேட்டு உறுதிசெய்யப் பழகியவன் நான். இங்கே இரண்டாவது ஆள் இல்லை.

"தெரியல" என்றேன்.

"என்னண்ணே, புத்தகமெல்லாம் எழுதுறீங்க!"

"பொண்ணு வீட்ல சொல்லிட்டீங்களா?"

"சவுதி மாப்பிள்ளைன்னுதான் குடுக்குறாக. வேலையில்லாம வந்து நிக்கிறேன்னு எப்புடிச் சொல்ல?" ஜன்னல்வரை போய் வந்தார். "பொண்ணோட அப்பாக்கிட்ட வேணாம். அதுக்கிட்டயே சொல்லிப்புடுறேன்."

மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினார். அவர் பேசி முடிக்கும்வரை என்னால் ஒரு வரியும் எழுத முடியவில்லை. இறங்கி வந்தவர் என் தண்ணீர் பாட்டிலை எடுத்து முழுதும் குடித்தார்.

"என்ன சொல்லுச்சு?"

"மொதல்ல வந்து தாலியக் கட்டுங்க, பொறவு பாக்கலாம்னுச்சு. அப்பாக்கிட்ட தானே சொல்றேன்னுச்சு."

மறுநாள் ஃபைனல் எக்ஸிட்டுக்குச் சம்மதித்தார். கல்யாணப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. மாலைக்கு மேலே, வேறெங்கோ பார்க்கும் அவர் முகம். அந்தம்மாவின் துக்க காலம் முடிந்து இரண்டு வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன, புது விசா வரவில்லை. இரண்டிலும் அறந்தாங்கியிலிருந்து அழைப்பு.

"அண்ணே, அந்தப் பக்கமாப் போனா வாசல்ல வண்டி நிக்குதான்னு பாருங்க. வேற யாராச்சும் தொடைக்கிறானா?"

இன்று மாலை போகிறேன்.